கொப்புளத்துக்குள் ஒரு துளி

கொசு கடித்த தடிப்பு அளவுதான் இருந்தது. காரின் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கை ஒன்றில், நானே எமரி தேய்த்து, நானே பிரைமர் பூசி, நானே கறுப்பு அடித்த இடத்தில், மழைக்காலம் முடிந்த கையோடு நாலைந்து கொப்புளங்கள். பெயின்ட் கிழியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. தையல் ஊசியால் ஒன்றைக் குத்தினேன். தண்ணீர் வந்தது. தோலை நகத்தால் உரித்தபோது அடியில் இரும்பு கன்னங்கரேலென்று இருந்தது. காற்றுப் பட்ட சற்று நேரத்துக்கெல்லாம் ஓரத்திலிருந்து பழுப்பேறிக்கொண்டு வந்தது.

ஓட்டையே இல்லாத பெயின்டுக்கு அடியில் தண்ணீர் எப்படிப் போனது?

என் மனைவி பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. மீதிக் கொப்புளங்களையும் குத்தி, துளிகளைச் சொட்டுக் குழாயில் உறிஞ்சி, காய்ச்சி வடித்த நீரில் கலந்து அவளிடம் கொடுத்தேன். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. சோதனைக் குழாயில் வெண்மை திரண்டது. “தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. குளோரைடு” என்றாள், செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளிப்பள்ளி மேற்பார்வையாளர் குரலில். அதாவது, உப்பு. உப்பைத் தூவி அதன்மேல் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறேன். எங்கிருந்து வந்த உப்பு என்பது பிறகுதான் பிடிபட்டது.

கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஐம்பதைத் தாண்டிய சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி இது. 1961லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதைத் தயாரித்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. பானட்டைத் திறந்தால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்தக் காலத்துப் பெருமை. ஆட்டோக்காரர்களே மெச்சியிருப்பார்கள்.

இதற்குத் தனிச் சேஸிஸ் வாய்த்ததே ஒரு தொழிற்பகையால்தான். உடலையே எலும்பாகவும் ஆக்கிவிடும் மோனோகாக் முறைக்குக் கார் உலகம் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நம் அம்பாசடர் அந்த இனம். ஸ்டாண்டர்டு-டிரையம்பும் அப்படித்தான் செய்திருக்கும். ஆனால் அவர்களுக்கு உடல் அடித்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953ல் வாங்கிவிட்டது. அதனால் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, கீழே ஒரு சேஸிஸ் போட்டு, அதன்மேல் போல்ட் வைத்து முறுக்கினார்கள். பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி வேறொரு நாட்டில் பூட்டவும் அது தோதாக இருந்தது. அறுபது வருடம் கழித்து, வீட்டுக் கார் ஷெட்டில் ஸ்பானரோடு நிற்கும் என்னைப் போன்றவனுக்கும் அதுதான் தோது. போல்டைக் கழற்றினால் உடல் வேறு, எலும்பு வேறு.

சேஸிஸோடு நான் பூச எடுத்துக்கொண்ட இன்னொன்று ஃபயர்வால், எஞ்சினுக்கும் நம் முழங்காலுக்கும் நடுவே நிற்கும் தகடு. பெயருக்கேற்ப நெருப்பையும் புகையையும் தடுப்பது அதன் வேலை. ஆனால் அதன்மேல்தான் பிரேக் சிலிண்டர், கிளட்ச் சிலிண்டர், வயர் கட்டு நுழையும் ஓட்டைகள், ஹீட்டர் குழாய் எல்லாம் இருக்கின்றன. போதாததற்கு ஹெரால்டில் பேட்டரியையும் அதிலேயே ஒரு குழியில் உட்கார வைத்துவிட்டார்கள். மேலே ஆசிட் ஆவி, பக்கத்தில் பிரேக் ஆயில், முன்னால் எஞ்சின் சூடு. துருவுக்கு இதைவிட நல்ல விலாசம் கிடையாது.

கொப்புளத்துக்கு வருவோம். பெயின்ட் என்றால் ரெயின்கோட், தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் அண்டவிடாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கேம்பிரிட்ஜில் ஜே.இ.ஓ. மேய்ன் என்ற ஆய்வாளர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெறும் இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது? ஒரு பெயின்ட் படலத்தின் ஊடே அதே காலத்தில் எவ்வளவு கசிகிறது? கசிவது, தேவைக்குக் குறைவாக இல்லை. ரெயின்கோட் கதை உண்மையென்றால், பெயின்ட் அடித்த இரும்பும் அடிக்காத இரும்பும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் துருப்பிடிக்க வேண்டும். அப்படி ஆவதில்லையே. அப்படியானால் பெயின்ட் எதைத் தடுக்கிறது? மின்சாரத்தை என்பதுதான் மேய்னின் பதில். சரியாகச் சொன்னால், உப்பின் அயனிகள் நடமாடுவதை.

துரு என்பது ஒரு மின்சுற்று. இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே ஓடி, இன்னோரிடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன. முதலிடம் ஆனோடு, இரண்டாமிடம் கேதோடு. இரண்டுக்கும் நடுவே கணக்கைச் சரிக்கட்ட அயனிகள் நீர் வழியே நகர வேண்டும். சுத்தமான தண்ணீரில் அவை அரிது. உப்புத் தண்ணீரில் திருவிழாக் கூட்டம். இந்த நீர்வழியைத்தான் நல்ல பெயின்ட் அறுத்துவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறு நுழைந்தால் நுழைந்துவிட்டுப் போகட்டும், அயனி நகர முடியாவிட்டால் சுற்று முழுமையாகாது.

ஆனால் உப்பு ஏற்கெனவே பெயின்டுக்கு அடியில் இருந்தால்? படலம் தண்ணீரை விடும், உப்பை விடாது. பாயசத்துக்குத் தண்ணீரில் போட்ட உலர்திராட்சை நினைவிருக்கிறதா? உள்ளே சர்க்கரை அடர்த்தி, வெளியே வெறும் தண்ணீர், நடுவில் ஒரு தோல். தண்ணீர் உள்ளே போகிறது, திராட்சை உப்புகிறது. சவ்வூடுபரவல் என்று பத்தாம் வகுப்பில் படித்தது இதுதான். என் சேஸிஸில் முளைத்திருந்தவை கறுப்புத் திராட்சைகள்.

கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய ஒரு சோதனை உண்டு. மனைவியின் உதவியோடு அதையும் வீட்டில் செய்து பார்த்தேன். வெட்டியெறிந்த தகட்டுத் துண்டு ஒன்றைப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் முன்பே இரண்டு பொருள்கள் கலந்திருக்க வேண்டும். இரும்பு கரைந்தால் நீலம் காட்டும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒன்று. காரம் உண்டானால் இளஞ்சிவப்பு காட்டும் ஃபீனால்ஃப்தலீன் இன்னொன்று. முதலில் சொட்டுக்கு அடியில் நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் இறைந்து கிடந்தன. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காட்சி ஒழுங்குக்கு வந்திருந்தது. நடுவில் நீலம், ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு. இன்னும் நேரம் போக, இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையம். அதுதான் துரு.

சொட்டின் ஓரம் மெலிது, அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கரைந்து இறங்கும். நடுப்பகுதி ஆழம், அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை. பற்றாக்குறையான இடம்தான் ஆனோடு. அங்கேதான் இரும்பு கரைகிறது. ஆக்சிஜன் எங்கே தாராளமோ அங்கே இரும்பு தப்பிக்கிறது, எங்கே குறைவோ அங்கே அரிக்கிறது. கேட்டதும் நம்ப முடியாது. ஆனால் பழைய கார்களில் துரு எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். பளிச்சென்ற கதவின் நடுவிலா? ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு மடிந்து ஸ்பாட் வெல்டு அடித்த இடுக்கில், சேறு அடைத்த மூலையில், ஈரம் குடித்த கார்ப்பெட்டுக்கு அடியில். எல்லாமே சொட்டின் நடுப்பகுதிகள்.

ஓரத்து இளஞ்சிவப்பையும் கவனிக்க வேண்டும். அது காரம். எண்ணெய் சார்ந்த சாதாரணப் பெயின்டும் காரமும் சந்தித்தால் என்ன ஆகும்? எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. என் முதல் முயற்சியில் நான் பூசியது கேட், ஜன்னல் கிரில் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் பூசும் ரெட் ஆக்சைடு. அதன் செங்காவி நிறம் ஃபெரிக் ஆக்சைடு, வேதியியல் கணக்கில் துருவின் உறவுக்காரன். நிறமியால் கெடுதல் ஒன்றுமில்லை. அது சும்மா கிடக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய் வகைப் பசைதான் கேதோடு ஓரத்தில் சோப்பாகிக் கழன்றுகொள்கிறது. கேட்டுக்குப் போதும். கேட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் பூசிக்கொள்ளலாம். காரின் சேஸிஸைப் பொங்கலுக்குப் பொங்கல் கழற்ற முடியாது.

ஆகவே எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தேன். இந்த முறை உதவிக்கு வந்தவர் எங்கள் பேட்டை டிங்கர் அண்ணன். நாற்பது வருடமாகப் பட்டி பார்த்து, தட்டி நிமிர்த்திப் பழகிய கை. சேஸிஸைச் சுற்றி வந்து, சுத்தியலின் பின்புறத்தால் அங்கங்கே தட்டினார். ‘டங், டங்’ என்று வந்த சத்தம் பின்கை ஒன்றில் ‘தொப்’ என்றது. “தம்பி, இது இரும்பு இல்ல, பிஸ்கட்டு” என்றார். ஹெரால்டின் சேஸிஸ் முழுக்கப் பெட்டி வடிவக் குழல்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். நீரேறிய துரு ஆறு மடங்குவரை போகும். கடற்கரையோர அடுக்குமாடிகளில் சன்ஷேடு வெடித்துக் கம்பி பல்லிளிப்பது இதனால்தான். பிஸ்கட்டான பகுதியை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து வெல்டு செய்தார். அந்தக் கலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

சுத்தம் செய்வதில் நான் முதலில் செய்த தப்பு, கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டித் தேய்த்தது. பளபளவென்று மின்னும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். உண்மையில் அது துருவை எடுப்பதைவிடக் குழிகளுக்குள் அழுத்தி மெருகேற்றுவதுதான் அதிகம். இரண்டாவது தப்பு, கிரீஸைக் கழுவாமல் தேய்க்கத் தொடங்கியது. எண்ணெய்ப் பிசுக்கை எமரி எடுக்காது, பரப்பும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு தின்னர். தின்னர் தோய்த்த துணி ஒரு கையில், காய்ந்த துணி மறு கையில். முதல் துணி கரைத்ததை ஆவியாகும் முன் இரண்டாம் துணி எடுத்துவிட வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று தெரிய, தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் போதும். சேப்பங்கிலைமேல் ஓடுவதுபோல முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு மீதி இருக்கிறது. ஒரே விரிப்பாகப் படர்ந்து நின்றால் இரும்பு தயார். டேஷ்போர்டு பாலிஷும் டயர் பாலிஷும் இருக்கும் ஷெட்டில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அவற்றிலுள்ள சிலிக்கோன் விரல் பட்ட இடமெல்லாம் ஒட்டும், அந்த இடத்தில் பெயின்ட் நிற்காமல் குழி குழியாக விலகும்.

சேஸிஸைப் பிளாஸ்டிங் பட்டறைக்கு அனுப்பினேன். அழுத்தக் காற்றில் துகளை வீசியடித்துத் துருவை உரிக்கும் முறை. துருவைத் தொலைப்பதோடு, இரும்பின்மேல் 50 மைக்ரான் ஆழத்துக்கு நுண்ணிய மேடுபள்ளத்தையும் உண்டாக்கும். நம் தலைமுடியைவிடச் சற்று மெல்லிய அளவு. பெயின்ட் கடித்துக்கொள்ள அந்தப் பற்கள் வேண்டும். என்ன துகள் என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆற்று மணல் என்றால் வேண்டாம். மணல் உடைந்து பறக்கும் சிலிக்காத் தூசு பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்தில்லை. பிரிட்டன் வார்ப்படங்களை மணலால் பிளாஸ்ட் செய்வதை 1949ன் விதிகளிலேயே தடுத்துவிட்டது. என் சேஸிஸுக்கு கார்னெட் போட்டார்கள். நம் தென்மாவட்டக் கடற்கரையில் செக்கச்செவேலென்று படிந்து கிடக்குமே, அதே கல்லின் பொடி.

ஃபயர்வாலை அனுப்பவில்லை. மெல்லிய தகட்டை வேகமாகப் பிளாஸ்ட் செய்தால் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு சுத்தியல்கள் ஒரே பக்கம் அடித்ததுபோல மேல்தோல் விரிந்து, தகடு அப்பளம் மாதிரி வளையும். அதைக் கையாலேயே 80ம் நம்பர் எமரியில் தேய்த்தேன், தண்ணீர் தொட்டுத்தான். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். என்ன பெயின்ட் என்று தெரியாத பழைய வண்டியில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்தி.

எமரி எட்டாத மூலைகளுக்குப் பாஸ்பாரிக் அமிலக் களிம்பு. துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். சாம்பல் நிறத்தில் மெல்லிய, கரையாத படலம். டில்லி இரும்புத் தூணைச் சொல்லாமல் துருவைப் பற்றி எழுதக் கூடாது என்று ஏதோ விதி இருக்கிறது போலும். ஆனால் இங்கே உண்மையிலேயே பொருந்துகிறது. அந்தப் பழைய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது உண்டாக்கிய பாஸ்பேட் படலமே தூணைக் காக்கிறது என்று ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். கடையில் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று விற்கும் இன்னொரு வகையில் டானிக் அமிலம் இருக்கும். பூசியதும் செந்துரு நீலக்கறுப்பாகும். இதை நம் ஊர் நெடுங்காலமாக அறியும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும், இரும்புத் துண்டை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துக் கலம்காரிக்காரர்கள் எடுக்கும் கறுப்பும் இதே வினைதான். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. மேலே உள்ள துருவைத்தான் இவை மாற்றும். குழியின் அடியில் இருப்பதைத் தொடுவதில்லை. அமிலத்தைக் கழுவாமல் எப்பாக்சி பிரைமர் பூசினால் அதன் ஹார்ட்னரையும் கெடுக்கும்.

கழுவுவது. என் கொப்புளங்களின் கதை இங்கேதான் அவிழ்ந்தது.

காற்றில் உப்பு வருகிறது என்பது தெரிந்ததுதான். கடலோரக் காற்றின் அரிப்பை அளக்க காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் இரும்புத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே கசியத் தொடங்கும்; கடலுப்பிலிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே கசியும். சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே சென்னை வானிலை தெரிந்துவிடும். ஆனால் என் சேஸிஸில் கொப்புளம் வந்தது இடதுபுறப் பின்பகுதியில் மட்டும். கடற்காற்று இடம் வலம் பார்க்குமா?

அந்த வாரம் தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தைச் சர்வீஸ் செய்ய வந்த பையன், கரைந்த உப்பை அளக்கும் பேனா மாதிரி மீட்டரை எங்கள் போர் தண்ணீரில் நனைத்தான். “1,900 சார். டேங்கே வெள்ளை பூத்துடுமே.” அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை சேஸிஸின் முன்பாதியை மெட்ரோ தண்ணீரில் கழுவினேன். வாளி தீர்ந்துபோனது. பின்பாதிக்குத் தோட்டத்து ஹோஸைத் திருப்பிவிட்டேன். போர் தண்ணீர். அதன்பின் நல்ல வெயிலில் காயவைத்தேன், அதாவது உப்பளத்தில் செய்வதைச் செய்தேன். இடதுபக்கம் சரிவாக இருந்ததால் தண்ணீர் அங்கே தேங்கிக் காய்ந்திருக்கிறது. குழாய் மூடிமேல் பூக்கும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருபது வருடம் வாழ்ந்தவன், இரும்பின்மேல் பூத்ததைப் பார்க்கவில்லை.

இந்த முறை பிளாஸ்டிங் முடிந்து வந்த சேஸிஸைப் பூசாமல் ஒரு ராத்திரி வைத்தேன். டிங்கர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதும் சரிதான்; உரித்த இரும்பை நாலு மணி நேரத்துக்குள் மூட வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. ஆனால் காலையில் பார்த்தபோது குழிகளின் அடியில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் ஈரமாக மினுங்கின. பிளாஸ்டிங் துருவை எடுத்துவிட்டது, குழியின் அடியில் பதுங்கிய உப்பை எடுக்கவில்லை. அது இரவு ஈரத்தைக் குடித்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. கேன் தண்ணீர் வாங்கி, சூடாக்கி, பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, மறுபடி லேசாகப் பிளாஸ்ட் செய்தோம். குடிக்கிற தண்ணீரில் காரைக் குளிப்பாட்டுகிறான் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது.

பிரைமருக்கு இரண்டு டப்பா எப்பாக்சி. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், தின்னர் ஆவியானால் காயும்; மறுபடி தின்னர் பட்டால் கரையும். எப்பாக்சி காய்வதில்லை, விளைகிறது. பிசினும் ஹார்ட்னரும் ஒன்றையொன்று பிணைத்து ஒரே வலையாகின்றன. அதன்பின் கரைசல் இல்லை, கழற்றல் இல்லை. காரத்தையும் தாங்கும். நாலுக்கு ஒன்று என்று அளந்து கலக்க வேண்டும், கண் திட்டம் கூடாது. கலந்ததும் வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பம் வினையை இன்னும் விரட்டும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. சித்திரை மத்தியானத்தில் ஒரு லிட்டரை மொத்தமாகக் கலந்துவிட்டு ஃபோன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது மக் கையைச் சுட்டது, உள்ளே ஸ்டிரர் குச்சி நட்ட கம்பம்போல நின்றது. அந்த மக் இன்னும் ஷெட்டில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

எப்போது அடிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரியை ஒட்டி நிற்கும். அந்த அளவுக்குக் குளிர்ந்த எதன்மேலும் நீர் படியும், ஐஸ் போட்ட தம்ளர்மேல் படிவதுபோல. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனமான சேஸிஸ், காலையில் காற்றைவிடத் தாமதமாகத்தான் சூடேறும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் இருக்கும். இரும்பு, பனிநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள விதி. 33 டிகிரி, 50 சதவீதம் உள்ள மத்தியானத்தில் பனிநிலை 21க்கு இறங்கிவிடும், தாராள இடைவெளி. மழைநாளில் அடித்த என்.சி. பெயின்ட் வெள்ளை பூப்பதும் இதே கதைதான். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, பனிநிலைக்குக் கீழே போய்விடுகிறது.

ஸ்பிரே கன்னைத் தொடும் முன் டிங்கர் அண்ணன் ஒரு இஞ்ச் பிரஷை எடுத்தார். சேஸிஸின் விளிம்புகள், போல்ட் ஓட்டைகளின் வாய், வெல்டு தழும்புகள், எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷால் ஒரு கை. “ஓரத்துல பெயின்ட் நிக்காது தம்பி, உள்ளுக்கு ஓடிரும்.” பரப்பு இழுவிசைக்கு இதைவிட நல்ல விளக்கம் பாடப்புத்தகத்தில் இல்லை. திரவம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். கூரான விளிம்பில் வளைந்து நிற்பது அதற்குச் செலவு, ஆகவே இருபுறமும் விலகிக்கொள்ளும். சமதளத்தில் 60 மைக்ரான் நிற்கும் படலம் விளிம்பில் பாதிகூடத் தேறாது. துரு பல சமயம் ஓரத்திலிருந்து தொடங்குவதற்கு இது ஒரு காரணம். கூர்மையை அரத்தால் லேசாக மழுக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டு கோட் எப்பாக்சி, தகடுகள் சேரும் இடுக்கெல்லாம் சீலர், சேஸிஸுக்கு மேலே கறுப்பு. ஃபயர்வாலுக்கு வண்டியின் நிறத்தில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிக்க வெளியே கொடுத்தேன். எப்பாக்சி வெயிலில் பொடிந்துபோகும் என்பதால் மேல்பூச்சு அவசியம். ஆனால் பி.யு.வின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆவி, ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பழகிவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா தரக்கூடியது. வெளியிலிருந்து குழாய் வழியே காற்றுத் தரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே செய்யக் கூடாது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ‘நானே செய்தேன்’ பெருமையை இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வாரம் விளைந்த துண்டுத் தகடு ஒன்றின்மேல் பிரேக் ஆயில் ஒரு சொட்டு வைத்தேன். பக்கத்தில் என்.சி. பெயின்ட் அடித்த பழைய துண்டு, அதிலும் ஒரு சொட்டு. பிரேக் ஆயில் என்கிறோமே ஒழிய அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் ஈதர்; பெயின்டுக்குள் புகுந்து ஊறவைக்கும். என்.சி. துண்டு சற்று நேரத்தில் பால் ஏடுபோலச் சுருங்கியது. எப்பாக்சி துண்டைத் துடைத்தேன்; தடமில்லை. சேஸிஸ் குழல்களின் உட்புறத்துக்கு எந்த கன்னும் எட்டாது. அங்கே மெழுகைத் தின்னரில் இளக்கி, நீள முனைக் குழாயால் பீய்ச்சினோம். அடியிலிருந்த வடிகால் ஓட்டைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பி விட்டுக் குத்தி வைத்தோம்.

உடலை ஏற்றி, எஞ்சினை இறக்கி, வயர் கட்டுகளை மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினேன். டிக் என்ற சத்தம்கூட இல்லை. ஹெட்லைட்டைப் போட்டால் இரண்டு விளக்கும் அகல்விளக்கு அளவுக்கு மினுங்கின. ஹாரனை அழுத்தினால் விளக்கு அணைந்தது. பேட்டரி புதிது, ஃபியூஸ் சரி. ஒரு மணி நேரம் வயர் வயராகத் தேடினேன்.

டிங்கர் அண்ணன் வந்து, எர்த் வயர் போல்டைக் கழற்றினார். அதன் வாசருக்கு அடியில் பிரைமர் இரண்டு கோட், மேல்பூச்சு இரண்டு கோட், பழுதே இல்லாத படலம். சுற்றை அறுப்பதற்காக மூன்று மாதம் உழைத்தேனே, நன்றாகவே அறுத்திருந்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அந்த இடத்தைச் சுரண்டினார். மனசு கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. போல்டை முறுக்கி, சுற்றிலும் வாஸ்லின் அப்பிவிட்டு, “இப்ப அடிங்க தம்பி” என்றார்.